ஹுசைன் சாகரின் அடிச்சேறு

சொந்த ஊர் மண்டபம், பிழைப்பு செகந்திராபாத்தில். கோடையில் ஹுசைன் சாகர் ஏரிக்கரையான டேங்க் பண்ட் வழியாக ஆட்டோவில் போனால் கைக்குட்டை தானாக மூக்குக்குப் போய்விடும். இதைப் போனில் சித்தியிடம் புலம்பினேன். கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர் அவர். “ஒங்க ஊர்லதான் கடலே கெடையாதே, பாசி நாத்தம் எங்கிட்டிருந்துடா வருது?” என்றார்.

2019 செப்டம்பரில் மண்டபம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர் அவர். அப்படிக் கடல் நிறம் மாறுவதைச் செயற்கைக்கோள் வழியே கவனிக்கும் இன்காய்ஸ் நிறுவனம் ஹைதராபாத்தில்தான் இருக்கிறது. அதே ஊரின் நடுவில் ஏரியும் பச்சையாகக் கிடக்கிறது.

குதுப் ஷாகி காலத்து ஏரி ஹுசைன் சாகர். கூகட்பல்லி நாலா போன்ற கால்வாய்கள் பல்லாண்டுகளாகச் சாக்கடையை இதில் கொட்டின. அதிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று மைக்ரோசிஸ்டிஸ் என்ற நுண்பாசி பெருகுகிறது. உயிரோடு இருக்கும்வரை சத்தெல்லாம் அதன் உடம்புக்குள். செத்து அடியில் படிந்ததும்தான் விவகாரம். பாக்டீரியாக்கள் அதை மட்கவைக்கும்போது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஆக்சிஜன் இருந்தவரை சேற்றிலுள்ள இரும்புத்துரு பாஸ்பரஸைப் பிடித்துவைத்திருந்தது. ஆக்சிஜன் போனதும் துரு கரைந்து, பாஸ்பரஸ் தண்ணீருக்குத் திரும்புகிறது. அடுத்த பாசிக்கு அதுவே உணவு. வைப்புத்தொகையை எடுத்துச் செலவழிப்பது மாதிரி, புதுச் சாக்கடை வராவிட்டாலும் ஏரி பழைய சேற்றைத் தின்றே பச்சையாகும்.

நைட்ரஜன் கதை வேறு. அம்மோனியா முதலில் நைட்ரேட்டாக வேண்டும், பிறகுதான் அது வாயுவாகிக் காற்றில் கலந்து வெளியேறும். முதல் படிக்கே ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாததால் அம்மோனியா தேங்கி மீனைக் கொல்கிறது.

ஓதம் ஏறி இறங்கும் கடலோரச் சேற்றுத்தரையிலும் இதே வேதியியல்தான். அங்கே வற்றும்போது காற்றும் ஏறும்போது புதுநீரும் சேற்றுக்குக் கிடைக்கும். ஆனால் உல்வா என்ற பச்சைக் கடற்பாசி கனமாக மூடிவிட்டால் அதுவும் தடைபடும். போதாததற்குக் கடல்நீரில் சல்பேட் ஏராளம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அது ஹைட்ரஜன் சல்பைடாகிறது. இரும்பையும் அது பிடித்துக்கொள்வதால் பாஸ்பரஸ் இன்னும் எளிதாகக் கழன்று வருகிறது. பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் 2009-இல் அழுகிய உல்வாக் குவியலில் சிக்கிய குதிரை ஒன்று அந்த நச்சுவாயுவால் செத்தது. நம் ஏரிக்கு இந்த ஓதமும் இல்லை, ஏறி இறங்கிக் கழுவ.

எனவே மேலே மிதப்பதை மட்டும் வாரிக்கொண்டிருப்பது என் பார்வையில் வீண்வேலை. முதலில் நாலாக்களைத் திருப்ப வேண்டும், கூடவே அவற்றின் வாயில் படிந்த சேற்றையும் அள்ள வேண்டும். ஜப்பான் கடனுதவியுடன் 2006-இல் தொடங்கிய திட்டத்தில் இவ்விரண்டும் இருந்தன. நாலாவைத் திருப்பிய பின்னும் மிச்சச் சேறு பல ஆண்டுகள் பாஸ்பரஸைக் கக்கும். ஆகவே அடுத்த கோடையிலும் ஏரி பச்சையாக இருந்தால், “பணமெல்லாம் தண்டம்” என்று இந்த வேலைகளை நிறுத்தச் சொல்லாதீர்கள்.