அரைச் சக்கரக் கணக்கு

திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இரண்டு ரூபாய்களின் கணக்கு தெரிந்திருக்க வேண்டியிருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது 28 சக்கரம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குள் போனால் அங்கே புழங்கியது பிரிட்டிஷ் ரூபாய். அதற்கு இருபத்தெட்டரைச் சக்கரம். வித்தியாசம் அரைச் சக்கரம்தான், நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால். கணக்கு அறியாமல் பிரிட்டிஷ் ரூபாயைக் கொடுத்து அதற்கு ஈடாக ஒரு சர்க்கார் ரூபாயை வாங்கிக்கொண்டவருக்கு அந்த அரைச் சக்கரம் போனது போனதுதான். அதற்குக் கட்டணம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, ரசீதும் தரவில்லை. இன்று வெளிநாடு போகிறவர்களின் பணம் கரைவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். கட்டணம் என்று எழுதி வாங்குவது கொஞ்சம். மாற்று விகிதத்துக்குள் ஒளித்து எடுப்பதுதான் அதிகம்.

வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகும் குளச்சல்காரரும், செவிலியர் வேலைக்குப் போகும் மார்த்தாண்டத்துப் பெண்ணும், பிள்ளையைப் பார்க்கச் சிங்கப்பூர் புறப்படும் நாகர்கோவில் பெற்றோரும் கையில் ஒரு வங்கி அட்டையோடுதான் போகிறார்கள். நம்மூர் வங்கி அட்டைகள் பலவற்றில், வெளிநாட்டு நாணயத்தில் செலவழிக்கும் தொகையின் மீது 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கிறார்கள். பிடித்ததன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மூன்றரை சதவீத அட்டை என்றால் மொத்தம் 4.13 சதவீதம், இரண்டு லட்ச ரூபாய் செலவுக்கு 8,260 ரூபாய். இது கணக்கு அறிக்கையில் தனி வரியாக வந்தாலும் சிறு எழுத்தில் வரும், ஊர் திரும்பிய பிறகே கண்ணில் படும். ஏ.டி.எம்.மில் எடுத்தால் இன்னொரு அடி. ஒருமுறை எடுப்பதற்கு உங்கள் வங்கி 150 ரூபாய் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், வரியோடு 177. ஐயாயிரம் ரூபாய்க்கு ஈடான தொகையை எடுத்தால் எல்லாம் சேர்த்து ஏழரை சதவீதத்துக்கு மேல் போய்விடும். அதுவே இருபத்தையாயிரமாக எடுத்தால் ஐந்துக்குள் நிற்கும். அந்த ஊர் ஏ.டி.எம். தன் பங்குக்குக் கேட்பது தனி. தாய்லாந்தில் பல இயந்திரங்கள் ஒவ்வொரு முறையும் இருநூறு பாட்டுக்கு மேல் பிடிக்கின்றன. ஆகவே வேண்டியதை ஒரே தடவையில் எடுப்பது நல்லது. கிரெடிட் கார்டை மட்டும் ஏ.டி.எம்.மில் போடவே கூடாது. முன்பணக் கட்டணமும் அன்றைக்கே ஓடத் தொடங்கும் வட்டியும் சேர்ந்து வரும்.

இதைவிடச் சாமர்த்தியமான வேலை ஒன்று கடைகளில் நடக்கிறது. துபாயிலோ கோலாலம்பூரிலோ அட்டையைத் தேய்த்ததும் இயந்திரம் கேட்கும்: உள்ளூர் நாணயத்தில் கட்டுகிறீர்களா, இந்திய ரூபாயிலா? ரூபாய் என்று கண்டதும் நமக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் அந்த ரூபாய்க் கணக்கைப் போடுவது உங்கள் வங்கி அல்ல, கடைக்கு இயந்திரம் கொடுத்த நிறுவனம். அது தன் லாபத்தைச் சேர்த்தே விகிதம் போடுகிறது. இந்த முறையால் வாடிக்கையாளர் ஏமாறுவதைப் பார்த்துத்தான், சந்தை விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று முன்கூட்டியே காட்ட வேண்டும் என 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. ரூபாயில் கட்டினால் எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடுகிறதே, அந்த நிச்சயத்துக்குக் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நிச்சயம் என்று நினைப்பதும் நிச்சயமில்லை. வெளிநாட்டில் ரூபாயில் கட்டியதற்கென்றே தனிக் கட்டணம் பிடிக்கும் இந்திய வங்கிகள் இருக்கின்றன. நிற்கிற ஊரின் நாணயத்தையே எப்போதும் தேர்ந்தெடுங்கள்.

கார்டே வேண்டாம், நோட்டாகக் கொண்டுபோனால் போதும் என்பது மூத்தவர்கள் சொல்லும் வழி. கையில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் என்பதில் ஒரு பலம் உண்டு, டாக்சிக்கும் சாயாக்கடைக்கும் நோட்டு வேண்டும்தான். ஆனால் நோட்டில்தான் விகித வித்தியாசம் இன்னும் அதிகமாக ஒளிந்திருக்கிறது. வளைகுடா போகிறவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் ஒரு டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 3.75 என்றும் கட்டிவைக்கப்பட்டவை. செய்தியில் வரும் டாலர் மதிப்பை அந்த எண்ணால் வகுத்தால் சரியான விலை கிடைத்துவிடும். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் திர்ஹம் இருபத்து நாலரை. விமான நிலைய கவுன்டரில் அதையே இருபத்தைந்தரைக்குக் கொடுத்தால், 25,000 ரூபாய் மாற்றுகிறவர் நாற்பது திர்ஹம், ஏறத்தாழ ஆயிரம் ரூபாய், இழக்கிறார். அதே தொகைக்கு ஜி.எஸ்.டி. 45 ரூபாய்தான், ரசீதில் பளிச்சென்று தெரிவது அதுதான், நாம் முகம் சுளிப்பதும் அதற்குத்தான்! குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லாததால் பெரும்பாலோர் திருவனந்தபுரம் போய்த்தான் ஏறுகிறார்கள். பணத்தையும் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று விடாமல், புறப்படும் வாரத்திலேயே நாகர்கோவிலில் இரண்டு மூன்று இடங்களில் விசாரிக்க வேண்டும். இத்தனை ரூபாய் தந்தால் என் கையில் எத்தனை திர்ஹம் வரும் என்பது ஒன்றே கேள்வி. கமிஷன் உண்டா இல்லையா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். டாலராக வாங்கிப் போய் அங்கே திர்ஹமாக மாற்றினால் இரண்டு இடத்தில் கழிவு. டாலர் ஏற்றிய பயண அட்டையை வேறு நாணயத்தில் தேய்த்தாலும் அப்படித்தான்.

கூடுதல் பிடிக்காத அட்டைகளும் இப்போது கிடைக்கின்றன. ஆண்டுக் கட்டணம் கேட்கிறார்களே என்று அவற்றை ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு. ஐந்நூறு ரூபாய் கட்டணம் வரியோடு 590 ஆகும், 4.13 சதவீதம் மிச்சமானால் பதினைந்தாயிரம் ரூபாய்ச் செலவிலேயே அது தேறிவிடும். அதற்குக் குறைவாகச் செலவழிப்பவருக்குப் பழைய அட்டையே போதும். கடையின் கியூஆர் பலகையை ஸ்கேன் செய்து கட்டும் யு.பி.ஐ. வசதியும் அமீரகம், சிங்கப்பூர், இலங்கை, நேபாளம் வரை போயிருக்கிறது என்றாலும் எல்லாக் கடையிலும் இல்லை, அதை மட்டும் நம்பிப் போக முடியாது.

அங்கிருந்து ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் இதே அளவுகோல்தான். சிங்கப்பூரின் பேநௌ முறையும் நம் யு.பி.ஐ.யும் 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்டன. சிறு தொகைகளுக்கு அதில் கிடைக்கும் விகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குழல்பணக்காரர், அதாவது ஹவாலாக்காரர், எல்லாரையும்விட நல்ல விகிதம் தருகிறாரே என்பார்கள். தரலாம், ஆனால் பணம் வராவிட்டால் போய்க் கேட்க இடமில்லை. பிடிபட்டால் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அந்த ஆபத்தையும் சேர்த்தால் அதுதான் எல்லாவற்றிலும் மோசமான விகிதம்.

கடைசியாக ஒன்று. 2020-இல் ரிசர்வ் வங்கி செய்த ஏற்பாட்டின்படி, புதிதாகத் தரும் அட்டைகள் இந்தியாவுக்குள் மட்டுமே இயங்கும் நிலையில்தான் கைக்கு வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறக்க வேண்டும். வங்கியின் செயலியிலோ கிளையிலோ அதைத் திறந்து, தினசரி வரம்பையும் வைத்துவிட்டு, ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) வரும் சிம் அங்கே வேலை செய்யுமா என்பதையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அட்டை அங்கே போய் வேலை செய்யாவிட்டால், கவுன்டர்காரர் சொன்ன விலைக்குத்தான் பணம் மாற்ற வேண்டிவரும்.