வத்தலக்குண்டு ஈன்ற எழுத்தாளர்கள்

திண்டுக்கல்லிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் வத்தலக்குண்டு. மஞ்சளாற்றுப் பாசனமும் வெற்றிலைக் கொடிக்காலும் அவ்வூரின் அடையாளங்கள். வெற்றிலைக்குண்டு என்பதே மருவி வத்தலக்குண்டு ஆயிற்று என்பர். அந்தச் சிற்றூர் தமிழுக்கு நான்கு எழுத்தாளர்களை வழங்கியிருக்கிறது. அவர்களுடைய நூல்களைப் போற்றும் நாம், அவர்கள் வாழ்ந்த விதத்தையும் மறைந்த விதத்தையும் எண்ணிப் பார்ப்பது அரிது.

முதலாமவர் பி.ஆர். ராஜமய்யர். 1872இல் பிறந்தவர். தமிழ் நாவலின் தொடக்க காலச் சாதனையான 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். அக்கதையில் வரும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழாசிரியரைப் படித்தோர் இன்றும் சிரிப்பர். 1896இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'பிரபுத்த பாரதா' என்னும் ஆங்கில மாத இதழின் ஆசிரியரானார். 1898 மே மாதம், இருபத்தாறாம் வயதில் காலமானார். இதழும் நின்றது, பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவிலிருந்து புத்துயிர் பெற்றது. இதழை வேறிடத்தில் தொடங்கிவிடலாம். எழுதப்படாமலேயே போன நாவல்களை யார் தருவார்?

இரண்டாமவர் சுப்பிரமணிய சிவா. 1884இல் பிறந்தவர். அவரை மேடைப் பேச்சாளராகவும் தியாகியாகவும் மட்டுமே அறிந்தோர் பலர். அன்னார் 'ஞானபாநு' என்னும் மாத இதழை நடத்தியவர். பாரதியார் அதில் எழுதினார். 1908இல் வ.உ. சிதம்பரனாருடன் கைதாகிச் சிறை சென்ற சிவா, 1912இல் வெளிவந்தபோது சிறை தந்த தொழுநோயுடன் வந்தார். அந்நோயைக் காரணங்காட்டி ஆங்கில அரசு அவரை ரயிலில் ஏறவிடாமல் தடுத்தது. அவரோ மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். புண்பட்ட காலுடன் நடப்பதென்றால் என்னவென்று சிந்தித்துப் பாருங்கள்! 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில், நாற்பது வயதில் உயிர் நீத்தார். வத்தலக்குண்டுப் பேருந்து நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூன்றாமவரான பி.எஸ். ராமையா (1905–1983) நெடுங்காலம் வாழ்ந்தார். 1935 முதல் 'மணிக்கொடி'யைச் சிறுகதை இதழாக நடத்தியவர் அவர். புதுமைப்பித்தனும் கு.ப.ரா.வும் மௌனியும் அதன் வழியே வாசகர்களிடம் சென்றனர். பிற்காலத்தில் நாடகமும் திரைப்படமும் அவருக்குத் துணை நின்றன. எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் குழு அவருடைய 'தேரோட்டி மகன்' நாடகத்தை மேடையேற்றியது; 'போலீஸ்காரன் மகள்' 1962இல் திரைப்படமாயிற்று. சாகித்ய அகாதமி விருது கிடைத்தது 1982இல். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

எழுதுகிறவனுக்குப் புரவலர் வேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்த செய்தியே. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடக் காரணமாயிருந்த கீழக்கரை வள்ளல் சீதக்காதி, காவியம் முடியுமுன்னரே மறைந்தார். அப்போது பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து புலவரை ஆதரித்தார். அத்தகைய ஒருவர் வாய்க்காதபோது சுமை முழுவதும் எழுத்தாளன் வீட்டின்மேல், அதிலும் அவன் மனைவியின்மேல் வந்து விழுகிறது.

நான்காமவரான சி.சு. செல்லப்பாவின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1912இல் பிறந்த அவர் 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். விமர்சனமும் புதுக்கவிதையும் அதில் வேரூன்றின. சந்தா மட்டும் பெருகவில்லை. மனைவியின் நகைகளும் அம்முயற்சியில் கரைந்தன என்பர். இதழை 1970 வரை நடத்தினார். அச்சிட்ட நூல்களைத் தாமே மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். 'வாடிவாசல்' படைத்த கை அந்த மூட்டையையும் தூக்கியது! பரிசுகளையும் பண முடிப்புகளையும் ஏற்க மறுத்த பிடிவாதக்காரர் அவர். அப்பிடிவாதத்தை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் அதன் விலையைக் குடும்பமும் சேர்ந்தே கொடுத்தது என்பதை மறைப்பதற்கில்லை.

எண்பத்தைந்தாம் வயதில், மூன்று பாகங்கள் கொண்ட 'சுதந்திர தாகம்' நாவலைத் தாமே வெளியிட்டார். 1998 டிசம்பர் 18 அன்று காலமானார். அந்நாவலுக்குச் சாகித்ய அகாதமி விருது 2001இல் அறிவிக்கப்பட்டது.