ஒரு பக்கம் மட்டும் மிஞ்சிய சத்திரம்

ஒரு கட்டடம் ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்று கேட்டால், அங்கே நடந்த தொழிலே அதற்குப் பதில் சொல்லும். லண்டனில் உள்ள 'ஜார்ஜ்' சத்திரம் இதற்கு நல்ல சான்று.

தேம்ஸ் நதியின் தென்கரையில், சவுத்வர்க் என்னும் பகுதியில் இச்சத்திரம் இருக்கிறது. 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரை, அங்கிருந்து லண்டன் நகருக்குள் செல்ல லண்டன் பாலம் ஒன்றுதான் இருந்தது. ஆகவே, பாலத்துக்குச் செல்லும் சாலையோரம் பல சத்திரங்கள் எழுந்தன. 1676இல் மூண்ட பெருந்தீயில் 'ஜார்ஜ்' எரிந்தது. மறு ஆண்டே அதை மீண்டும் கட்டினார்கள்.

அதன் அமைப்பைச் சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். சாலையிலிருந்து ஒரு குறுகிய வாயில். உள்ளே குதிரை வண்டிகள் வந்து நிற்கும் முற்றம். அதைச் சுற்றி மாடிக் கட்டடம். கீழே உண்ணவும் மது அருந்தவும் கூடங்கள். மேலே பயணிகள் தங்கும் அறைகள். அறைகளுக்கு முன்னால், மரத்தூண்களும் மரக் கைப்பிடியும் கொண்ட நீண்ட தாழ்வாரம். நம் லயத்து அஞ்சடியை மாடிக்குத் தூக்கி வைத்தாற்போல என்று எண்ணிக்கொள்ளுங்கள். பயணிகள் தாழ்வாரத்தில் நடந்தே அவரவர் அறைக்குப் போகலாம். முற்றத்தில் வண்டி வருவதையும் அங்கிருந்தே பார்க்கலாம்.

பிறகு ரயில் வந்தது. 1836இல் அருகிலேயே லண்டன் பாலம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. நாளடைவில் குதிரை வண்டிகள் ஓய்ந்தன. சத்திரம் கிரேட் நார்தர்ன் ரயில் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1889இல் அக்கம்பெனி கட்டடத்தின் பெரும்பகுதியை இடித்துவிட்டது. தெற்குப் பக்கம் மட்டுமே மிஞ்சியது. ஆங்கிலக் கவிஞர் சாசரின் யாத்திரிகர்கள் கூடிய 'டாபர்ட்' சத்திரமும் பக்கத்தில்தான் இருந்தது; அதுவும் 1870களில் இடிபட்டது.

1937இல், மிஞ்சிய அந்தப் பக்கம் பழமையான இடங்களைக் காக்கும் 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்றும் அங்கே மதுக்கூடம் நடக்கிறது. லண்டனில் இத்தகைய தாழ்வாரச் சத்திரம் இது ஒன்றே எஞ்சியுள்ளது.

நேயர்களே, தீ அழித்ததை ஒரே ஆண்டில் மீட்டார்கள். ஏனெனில் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. தொழில் போன பின் இடித்ததை எவரும் மீண்டும் எழுப்பவில்லை. உங்கள் பக்கத்தில் பழைய கட்டடம் ஏதேனும் இருந்தால், அங்கே என்ன வேலை நடந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். கட்டடம் நிற்கும்போதே கேட்டுவிடுங்கள்.