காருகுறிச்சியார் தொகுப்பு: வாங்கலாமா?

காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத் தொகுப்பு எதுவாக இருந்தாலும், வாங்குமுன் அட்டையைத் திருப்பி, ஒவ்வொரு உருப்படிக்கும் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். வாங்கலாமா என்பதற்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

1921இல் பிறந்தவர், கோவில்பட்டியைத் தம் ஊராக்கிக்கொண்டவர், 1964இல் மறைந்துவிட்டார். இனி அவர் வாசிக்கப்போவதில்லை. ஆகவே புதுப் பெயரில் வரும் தொகுப்பிலும் பெரும்பாலும் பழைய பதிவுகளே இருக்கும். வாழும் கலைஞர்கள் என்றால் புதியதையும் சேர்க்க முடியும்: மோட்டர்ஹெட் என்ற மெட்டல் குழு 1984இல் ஒரு தொகுப்பு வெளியிட்டபோது, நான்கு புதுப் பாட்டுகளையும் சேர்த்துத் தந்தது. எல்லா இசைத்தட்டும் வைத்திருந்த ரசிகருக்கும் அதை வாங்க ஒரு காரணம் இருந்தது. நமக்கு அந்த வழி இல்லை.

பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். ஒரு கீர்த்தனையைச் சுருக்கி அதில் அடைக்கலாம், ராகத்தை அடைக்க முடியாது. காருகுறிச்சியாரோ ராக ஆலாபனைக்குப் பேர்போன டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமியின் ரசிகர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. விளாத்திகுளம் சுவாமிகள் என்ற பாடகர் கீர்த்தனை எதுவும் இல்லாமல் ராகத்தை மட்டுமே மணிக்கணக்கில் பாடக் கேட்டுப் பழகிய காதுகள் அவை. அந்தக் காதுகளுக்கு முன்னால் வாசித்தவரை மூன்று நிமிடத் துண்டுகளில் மட்டும் கேட்டுவிட்டு, கேட்டாயிற்று என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

'சிங்கார வேலனே தேவா' இருக்கிறதே என்று மட்டும் காசு கொடுக்காதீர்கள். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படப்பாட்டு அது, எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரி ராகத்தில் இழையும் அந்த நாகசுரம் அருமையிலும் அருமை. ஆனால் அது தனியாகவே எளிதில் கிடைக்கிறது.

இருபது நிமிடத்துக்குக் குறையாத ராகம் ஒன்றாவது இருக்கிறதா, கச்சேரியில் பதிவு செய்ததா, தவில் வாசித்தவர் பெயரைப் போட்டிருக்கிறார்களா? இந்த மூன்றும் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். தவில்காரர் பெயரைக்கூடப் போடாத தொகுப்பை அக்கறையோடு செய்திருப்பார்கள் என்று நான் நம்புவதில்லை.

முடிந்தால் ஒரு நிமிடம் கேட்டும் பாருங்கள். பழைய தட்டை வேகம் கூட்டிப் பதிவு செய்திருந்தால் சுருதி ஏறி, பாரி நாயனம் எனப்படும் நீண்ட நாகசுரத்தின் கனம் போய்க் கீச்சென்று கேட்கும். இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கியிருந்தால் தவில் சொற்கள் மழுங்கிப்போயிருக்கும். கொஞ்சம் கரகரப்பு இருந்தாலும் பரவாயில்லை, நாகசுரம் நாகசுரமாகக் கேட்க வேண்டும்.

காருகுறிச்சியாரை இதுவரை கேட்டதே இல்லையென்றால், சின்ன உருப்படிகள் உள்ள தொகுப்பையே முதலில் வாங்கலாம். ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர்கள் அடுத்ததற்கு நீண்ட கச்சேரிப் பதிவைத் தேடுங்கள். அது கிடைக்கும்வரை காசைப் பத்திரமாக வைத்திருங்கள்.