ஆறு நகர்த்திய நகரம்

புதுக்கோட்டை என்றதும் எல்லோருக்கும் தொண்டைமான் ஆண்ட சமஸ்தானம்தான் நினைவுக்கு வரும். நான் குடியிருப்பது வேறு புதுக்கோட்டை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், மறவன்மடம் தாண்டி, வாகைக்குளம் விமான நிலையத்துக்கு முன்னால் வருகிற ஊர். பக்கத்தில் கோரம்பள்ளம் ஓடை. தூத்துக்குடி துறைமுகத்தில் டாலி கிளார்க்காக உப்பு மூட்டையையும் முந்திரிக் கொட்டை மூட்டையையும் எண்ணி எண்ணியே என் காலம் ஓடியது. கப்பலை நம்பி வயிறு வளர்த்தவன் என்பதால் எனக்கு ஒரு கேள்வி வெகுநாளாக உண்டு. உலகத்தின் பழைய துறைமுகங்கள் பலவும் ஆற்று முகத்தில் இருக்கின்றன. எங்கள் துறைமுகத்துக்கோ ஆறே இல்லை. தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயல், தூத்துக்குடிக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் இருக்கிறது. அப்படியிருக்க, துறைமுகம் ஏன் இங்கே வந்து உட்கார்ந்தது?

விடை தேட வேண்டிய இடம் கொற்கை. ஏரலிலிருந்து வாழைத்தோட்டமும் நெல்வயலுமாகப் போனால் வந்துவிடும். இன்று அது ஒரு சின்னக் கிராமம். வயலுக்கு நடுவே அக்கசாலை ஈசுவரர் கோயில், வெற்றிவேல் அம்மன் கோயில், ஒரு குளம், வயதே சொல்ல முடியாத ஒரு வன்னி மரம். கடல் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆனால் பாண்டியரின் முதல் துறைமுகம் இதுதான். சங்கப் பாட்டுகள் கொற்கை முத்தைப் பேசுகின்றன. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த பிறகு அரியணை ஏறுகிற வெற்றிவேற் செழியன் கொற்கையில் இருந்தவன்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து இந்தியா வரைக்குமான துறைகளை வரிசையாக எழுதி வைத்த பெயர் தெரியாத கிரேக்க மாலுமி, இந்த ஊரை ‘கொல்கோய்’ என்று குறிக்கிறான். குமரிக்கு அப்பால் கொல்கோய், அங்கே முத்துக்குளிப்பு நடக்கிறது, பாண்டியன் ஆட்சிக்கு உட்பட்டது, குளிக்க இறக்கப்படுகிறவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்பது அவன் தரும் செய்தி. அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலிலும் இதே பெயர் இருக்கிறது. இந்தியா, சீனா, அரேபியா மூன்றுமாக ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் ரோமப் பணத்தை இழுத்துக்கொள்கின்றன என்று பிளினி வருத்தப்பட்டு எழுதினார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு எங்கள் பக்கத்து முத்துக்காக வந்தது.

1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் தோண்டியபோது கிடைத்த ஒரு கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021இல் மறுபடியும் தோண்டினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்குச் சுடுமண் குழாய் வெளிவந்தது. சங்கை அறுத்து வளையல் செய்த கழிவுகள் ஏற்கெனவே இங்கே நிறையக் கிடைத்தவை.

ஒரு தடவை கொற்கையில் வாய்க்கால் ஓரமாக மண் அள்ளிய பள்ளம் ஒன்றைப் பார்த்தேன். மேலே ஒரு முழம் கரிசல் போன்ற வண்டல், அதன் கீழ் வெளிறிய மணல், அதற்கும் கீழே வெள்ளை வெள்ளையாகச் சிப்பி ஓடு. பல ஓடுகள் இரண்டு மூடியும் பிரியாமல் அப்படியே இருந்தன. யாரோ கறிக்குக் கொண்டுவந்து உடைத்துப் போட்டதென்றால் மூடி பிரிந்திருக்கும். செத்த இடத்திலேயே புதைந்தவை இவை. நான் குனிந்து குனிந்து பொறுக்குவதைப் பார்த்து, வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் மண்வெட்டியோடு வந்தார்.

“இதையா அண்ணாச்சி பாக்கீங்க? எங்க ஐயா காலத்துல கிணறு வெட்டுனா கீழ பூராவும் இதுதான் வரும். சுண்ணாம்புக் காளவாசலுக்கு வண்டி வண்டியா அள்ளிக் குடுத்துருக்கோம்.”

அவர் நின்ற இடம் ஒரு காலத்தில் கடலோ, கடலை ஒட்டிய கழியோதான். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் பாதிரியார் 1870களில் கொற்கையையும் காயலையும் நடந்து பார்த்துவிட்டு இதைத்தான் எழுதினார். கடல் தானாகப் பின்வாங்கவில்லை, ஆறு மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கரையைக் கிழக்கே தள்ளியது, துறைமுகமும் கடலைத் தேடிக் கிழக்கே போனது என்பது அவர் கண்டது.

தாமிரபரணி நீளத்தில் சின்ன ஆறு. பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டரில் கடலுக்கு வந்துவிடும். ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் அதற்கு உண்டு. மலையில் பிடித்த வேகத்தில் வண்டலைச் சுமந்துகொண்டு வருகிற தண்ணீர், சமதரை வந்ததும் வேகம் குறைந்து சுமையை இறக்கிவிடும். கழிமுகம் மேடு தட்டும். கப்பல் உள்ளே வர ஆழம் பற்றாது. மத்தியதரைக் கடலோரத்திலும் இதே கதைதான். ஆர்ட்டெமிஸ் கோயிலால் பேர் பெற்ற எபேசு நகரத்தின் துறைமுகத்தை அங்குள்ள கேஸ்டர் ஆறு தூர்த்தது. மிலேத்து நகரத்தை மியாண்டர் ஆறு தூர்த்தது. அந்தத் துறைமுக நகரங்கள் இரண்டும் இன்று துருக்கியில் கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே இடிபாடாக நிற்கின்றன. எங்கள் பக்கத்தில் மட்டும் நகரம் சாகவில்லை, இடம் மாறியது. காரணம், கடலுக்குள்ளே முத்துப்பார் அப்படியே இருந்தது. பார் இருக்கும்வரை அதற்கு எதிரே கரையில் ஒரு துறை இருந்தே ஆக வேண்டும்.

பார் என்பது கடலடியில் பாறையும் மணலுமாகக் கிடக்கிற மேடு. கரையிலிருந்து பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி, பத்துப் பன்னிரண்டு பாகம் ஆழத்தில் இருக்கும். முத்துச்சிப்பி அதில் நார் போன்ற இழையால் பிடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வளரும். ஒவ்வொரு பாருக்கும் தொலையாயிரம் பார் போலப் பெயர் உண்டு. அந்தக் காலத்தில் பங்குனி, சித்திரையில் கடல் தெளிந்து காற்றடங்கி நிற்கும்போது சிலாபம் என்கிற முத்துக்குளிப்பைத் திறப்பார்கள். குளிக்கிறவர் ஒரு கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கல் அவரை விறுவிறுவென்று அடிக்குக் கொண்டுபோகும். கல்லை விட்டதும் தோணியில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவர் கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைப்பையில் அள்ளிப் போட்டுக் கயிற்றை அசைப்பார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்தாக வேண்டும். கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மைத்துனர் முறையாக இருப்பார் என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கை தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை.

சுறாவின் வாயைக் கட்டுகிற கடல்கட்டி என்ற மந்திரக்காரரும் அப்போது இருந்தார். 1290களில் இங்கே வந்த மார்க்கோ போலோவே இதை எழுதியிருக்கிறார். எடுத்ததில் பத்தில் ஒன்று ராஜாவுக்கு, இருபதில் ஒன்று மந்திரக்காரருக்கு என்பது அவர் தரும் கணக்கு. ஆங்கிலேயர் காலத்தில் சர்க்காருக்கு மூன்றில் இரண்டு, குளித்தவருக்கு மூன்றில் ஒன்று. சிப்பியை ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். வாங்கியவர் அதை அழுக விட்டு, நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு, தண்ணீரில் அலசி அலசி முத்தைப் பொறுக்க வேண்டும். ஆயிரம் சிப்பி வாங்கி ஒன்றும் இல்லாமல் போனவர்களும் உண்டு. அரசர்களின் கழுத்தில் கிடந்த முத்துக்குப் பின்னால் காது செவிடாகி, மூக்கில் ரத்தம் வடிந்த பரதவர்கள் இருந்தார்கள். எங்கள் கடற்கரையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முத்தை எழுதுகிற அளவுக்கு இவர்களையும் எழுத வேண்டும்.

மார்க்கோ போலோ இறங்கியது கொற்கையில் அல்ல, காயலில். அதற்குள் கொற்கையைச் சேறு மூடியிருந்தது. ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து வருகிற கப்பலெல்லாம் தொடுகிற பெருநகரம் என்று காயலை அவர் சொல்கிறார். பாண்டியர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை அங்கே இறக்கினார்கள். அந்தக் காயல் பழையகாயல்தான் என்று கால்டுவெல் முடிவு செய்தார். சீனப் பீங்கான் சில்லுகளை அவர் அங்கே பொறுக்கியிருக்கிறார். இன்று அங்கே போனால் உப்பளமும் சிர்கோனியம் ஆலையும்தான். பழையகாயலும் பிறகு தூர்ந்தது. ஆறு கடலைத் தொடுகிற புன்னைக்காயலுக்குப் போர்ச்சுகீசியர் வந்து இறங்கினார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழில் ஆக்கிய அண்டிரிக் பாதிரியார் புன்னைக்காயலில் இருந்தவர். அங்கும் ஆறு விடவில்லை. முகத்தில் மணல் திட்டு வளர்ந்துகொண்டே போனது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். தூத்துக்குடிக்கு முன்னால் முயல்தீவும் பாண்டியன் தீவும் அலையை மறித்து நிற்கின்றன. பெரிய ஆறு எதுவும் வந்து விழாததால் மண்ணும் குவிவதில்லை. ஆறு இல்லாததுதான் தூத்துக்குடியின் பலம். ஆற்றை நம்பிய துறைகள் தூர்ந்த பின்பும் இது நின்றது. 1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்தது இந்த ஊரைத்தான். 1713இல் பனிமய மாதா கோயில் எழுந்ததும் இங்கேதான். கடல் ஆழமில்லாமல் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட்டன. தோணிகள் போய்ச் சரக்கு ஏற்றி வந்தன. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது அந்த நிலையில்தான். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர் கட்டி, ஆழப்படுத்தி, 1974இல் பெருந்துறைமுகம் ஆக்கினார்கள். அதற்குள் முத்து போய்விட்டது. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். பாரில் மட்டும் பழைய வளம் திரும்பவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்னும் போகிறார்கள்.

ஆறில்லாத ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. அதற்கு வல்லநாட்டில் தாமிரபரணியிலிருந்து எடுத்துக் குழாயில் கொண்டுவருகிறார்கள். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தின் வடகால் தண்ணீர், குளம் குளமாக நிரப்பிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கோரம்பள்ளம் குளம் வரைக்கும் வருகிறது. அதாவது கொற்கையை விட்டு விலகி வந்த நகரம், ஆற்றைத் தன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18இல் அந்த ஆறு அழைக்காமலே வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நடு வெள்ளத்தில் நின்றது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. எங்கள் ஊர் ஓடையில் நான் பார்த்திராத தண்ணீர். நெடுஞ்சாலை அறுபட்டது, அந்தோணியார்புரம் பாலம் சேதமானது. வடிந்த பிறகு எங்கள் தெரு வாசற்படிகளில் ஒரு விரல் கனத்துக்குப் பழுப்பு வண்டல் படிந்திருந்தது. காய்ந்ததும் அது ஓடு மாதிரி வெடித்துப் பெயர்ந்தது. கொற்கையை மூடியது இதே வண்டல்தான். ஒரு இரவில் ஒரு விரல் கனம் என்றால் இரண்டாயிரம் வருஷத்தில் என்ன ஆகும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அதனால்தான் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். கொற்கைக்கு எதிரே கடலுக்குள் ஆய்வு செய்யப் போவதாக 2021இல் அரசு அறிவித்தது. செய்யட்டும், வேண்டியதுதான். ஆனால் பூம்புகார் போல கொற்கையைக் கடல் கொள்ளவில்லை. இங்கே நிலம்தான் கடலைக் கொண்டது. தோணிகள் கட்டிய துறை, இறக்கிய சரக்கு, முங்கிய கப்பல் ஏதாவது இருந்தால் அதுவும், கொற்கைக்கும் மாரமங்கலத்துக்கும் உமரிக்காட்டுக்கும் நடுவில் வயலுக்கும் வாழைக்கும் அடியில்தான் கிடக்க வேண்டும். அங்கே ஒரு மனைப்பிரிவு வந்துவிட்டால் பிறகு தோண்ட முடியாது. பிசான அறுவடை முடிந்து கார் நடவு தொடங்கும் முன் நெல்வயல்கள் சும்மாதான் கிடக்கும். விவசாயிக்கு நஷ்டமில்லாமல் வரிசையாகத் துளையிட்டு மண் எடுத்துப் பார்க்க அந்த இடைவெளி போதும். சேறு எங்கே முடிகிறது, சிப்பி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால் பழைய கரையைக் கோடு போட்டுக் காட்டிவிடலாம். என்னைக் கேட்டால் முதல் துளையை அக்கசாலை ஈசுவரர் கோயிலுக்குக் கிழக்கே போடச் சொல்வேன்.