மூணு விசில்னா எத்தனை நிமிஷம்?

இந்த வாரம் சமையல்தான், ஆனா ரெசிபி கிடையாது. எல்லார் வீட்டு அடுப்பு மேலயும் உக்காந்திருக்கற பிரஷர் குக்கரைப் பத்திப் பேசப் போறேன். குறிப்பா அதோட விசிலைப் பத்தி.

"துவரம்பருப்பு ஒரு கப், தண்ணி மூணு கப், கொஞ்சம் மஞ்சத்தூள், மூணு விசில்." இந்த வரியை நம்ம ஊர்ல யார்கிட்ட சொன்னாலும் புரியும். பருப்புக்கு அளவு இருக்கு, தண்ணிக்கு அளவு இருக்கு. விசில்ங்கறது எதோட அளவு? நேரமா, சூடா, அழுத்தமா? வேலைக்காக பெங்களூர் வந்து தனியா சமைக்க ஆரம்பிச்சதுல இருந்து இந்தக் கேள்வி எனக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. அம்மா போன்ல சொல்ற மூணு விசில்ல, அங்க திருச்சில பருப்பு மலர்ந்து வரும். இங்க என் அடுப்புல அதே மூணு விசில்ல பருப்பு தனித்தனியா முறைச்சுக்கிட்டு நிக்கும்.

முதல்ல குக்கர் என்ன பண்ணுதுன்னு பாத்துருவோம். திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரில கொதிக்கும். அதுக்கப்புறம் நீங்க தீயை எவ்வளவு பெருசாக்கினாலும் தண்ணி 100-ஐத் தாண்டாது. சீக்கிரமா ஆவியாகும், அவ்வளவுதான். மூடி போட்டு ஆவியை வெளிய விடாம அடைச்சா உள்ள அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினா கொதிநிலையும் ஏறும். நம்ம வீட்டுக் குக்கர்கள்ல காத்தோட அழுத்தத்துக்கு மேல கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு, அதாவது 15 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறும். அப்போ உள்ள வெப்பம் 120 டிகிரி பக்கம் இருக்கும். வெறும் 20 டிகிரி வித்தியாசம்தானேன்னு தோணலாம். ஆனா சூடு 10 டிகிரி ஏறினா வேகுற வேகம் சுமாரா ரெண்டு மடங்காகும்னு ஒரு நாட்டுக்கணக்கு உண்டு. அப்படிப் பாத்தா 20 டிகிரிக்கு நாலு மடங்கு. முக்கால் மணி நேரம் வேகுற பருப்பு பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல வெந்துருதுன்னா காரணம் இதுதான்.

இது புதுசும் இல்ல. 1679-லயே டெனி பாப்பன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் லண்டன்ல இப்படி ஒரு பாத்திரம் செஞ்சு, எலும்பையே மெத்துனு வேக வெச்சுக் காட்டினார். அழுத்தம் அளவு மீறினா திறந்துக்கற சேஃப்டி வால்வும் அவர் யோசனைதான்.

இப்ப விசிலுக்கு வருவோம். மூடி மேல ஒரு சின்ன ஓட்டை, அதுமேல ஒரு வெயிட். ஓட்டை 3 மில்லிமீட்டர் அகலம்னு வெச்சுக்குவோம். அதோட பரப்பு 0.07 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம்னா, அந்த ஓட்டையை அடைக்க 70 கிராம் போதும். கையில எடுத்துப் பாருங்க, உங்க வீட்டு வெயிட்டும் ஏறக்குறைய அந்தக் கனம்தான் இருக்கும். உள்ள அழுத்தம் அதைத் தாண்டினதும் வெயிட் தூக்கிக்கும், ஆவி சீறும், அழுத்தம் கொஞ்சம் இறங்கும், வெயிட் மறுபடி உக்காந்துக்கும். இதுதான் ஒரு விசில்.

அப்போ முதல் விசில் ஒரு நல்ல தகவல் சொல்லுது: "120-க்கு வந்துட்டேன், இதுக்கு மேல போக மாட்டேன்." ரெண்டாவது, மூணாவது விசில் புதுசா எதுவும் சொல்றதில்ல. தேவைக்கு மேல தீ எரியுது, மிச்சத்தை வெளிய கொட்டறேன்னு மட்டும்தான் சொல்லுது. எங்க ஆபீஸ் பாஷைல சொன்னா, முதல் விசில் ஸ்டேட்டஸ், மத்ததெல்லாம் வெறும் லாக்.

இதை நான் அளந்தும் பாத்தேன். அதே அஞ்சு லிட்டர் குக்கர், அதே ஒரு கப் பருப்பு. ரெண்டு தடவையும் முதல் விசில் ஏழாவது நிமிஷம் வாக்குல வந்துச்சு. தீயைப் பெருசாவே விட்டா அடுத்தடுத்த விசில் 40 நொடிக்கு ஒண்ணு. சிம்ல வெச்சா மூணு நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு. ஆக "மூணு விசில்"ங்கறது ஒரு தடவை 120 டிகிரில ஒண்ணரை நிமிஷம், இன்னொரு தடவை ஏழு நிமிஷம். உள்ள வெப்பம் ரெண்டுலயும் ஒண்ணுதான். தண்ணியை 30 டிகிரில இருந்து 100-க்குக் கொண்டுபோக ஆகற சூட்டை விட, அதே தண்ணியை ஆவியாக்க ஏழு மடங்குக்கு மேல சூடு வேணும். ஒவ்வொரு விசிலும் அந்தக் கேஸ் காசை ஜன்னல் வழியா வெளிய அனுப்பறதுதான். குக்கரோட வர்ற கையேட்டை யாரும் படிக்கறதில்ல. படிச்சா, அழுத்தம் ஏறினதும் தீயைக் குறைச்சு நிமிஷக் கணக்குல வேக வைக்கச் சொல்லியிருக்கும்.

அப்போ நம்ம அம்மாக்கள் எல்லாம் தப்பான அலகுல சமைச்சாங்களா? எனக்கு அப்படித் தோணல. அம்மாவுக்கு அடுப்பு மாறல, குக்கர் மாறல, போடற பருப்பு மாறல, தீயோட அளவும் கைப்பழக்கம். எல்லாம் மாறாம இருந்தா விசில் நல்ல கடிகாரம்தான். அந்தக் கடிகாரம் அவங்க சமையலறையிலயே இருந்துடுது. போன்ல எனக்கு வந்து சேர்றது எண் மட்டும்தான்.

நான் இதை உக்காந்து நிமிஷம் நிமிஷமா அளந்ததுக்கு என் பருப்பு காரணம் இல்ல, அம்மாதான் காரணம்.

போன வருஷத்துல இருந்து அம்மா பருப்பைத் திறந்த பாத்திரத்துல வேக வைக்க ஆரம்பிச்சிருந்தாங்க. "பாத்திரத்துல வேக வெச்சாதான்டா ருசி"ன்னாங்க. காலையில அஞ்சரைக்கே எழுந்து அடுப்புக்கு முன்னாடி நிப்பாங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்போதான் புரிஞ்சுது. பக்கத்து ரூம்ல இருந்து அப்பா, "குக்கர் கத்துது, காதுல விழலையா?"ன்னு சாதாரணமாத்தான் கேட்டார். அம்மா ஒண்ணும் சொல்லாம உள்ள போனாங்க. அவங்களுக்கு விழல. வயசாகும்போது காதுல முதல்ல குறையறது கீச்சுனு வர்ற உயர்ந்த ஒலிகள். ஆள் பேசறது ஓரளவு கேக்கும், ஆனா போன் ரிங்டோன், குக்கர் விசில் இதெல்லாம் மெதுவா நழுவிப் போயிரும். டிவியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடுனா சுத்தம். முப்பது வருஷமா காதால சமைச்சவங்க, விசில் தப்புதுன்னு யார்கிட்டயும் சொல்லாம குக்கரையே மேல பரண்ல ஏத்திட்டாங்க.

டாக்டரைப் பாத்தோம், டெஸ்ட் எடுத்தோம். காது மெஷின் வெச்சுக்கறதா வேண்டாமான்னு அம்மா இன்னும் முடிவு பண்ணல. அது அவங்க முடிவு. ஆனா அடுப்புப் பிரச்சனையைத் தனியாத் தீர்க்கலாமேன்னு குக்கரைக் கீழ இறக்கினேன். "உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கணக்கு"ன்னு சொல்லிக்கிட்டே வந்து நின்னாங்க.

நிமிஷத்தை எங்க இருந்து எண்ணறதுங்கறதுதான் சிக்கல். முதல் விசில்ல இருந்து எண்ணுங்கன்னு சொல்ல முடியாது, அதுதான் கேக்காதே. இங்கதான் அம்மாவோட பழைய பழக்கம் ஒண்ணு கைகொடுத்துச்சு. அவங்க மூடினதுமே வெயிட் போட மாட்டாங்க. ஓட்டையில இருந்து ஆவி நேரா, நிறுத்தாம வரணும், அப்புறம்தான் போடுவாங்க. இது சும்மா சம்பிரதாயம் இல்ல. ஆரம்பத்துல குக்கருக்குள்ள பாதிக்கு மேல காத்துதான் இருக்கு. அதை வெளியேத்தாம வெயிட் போட்டா, அழுத்தத்துல ஒரு பங்கு காத்தோடது, ஆவியோடது இல்ல. வெயிட் தூக்கும், ஆனா உள்ள 120 வந்திருக்காது. ஆஸ்பத்திரில கருவிகளைச் சுத்தப்படுத்தற ஆட்டோகிளேவ்லயும் இதே காரணத்துக்காகத்தான் முதல்ல காத்தை வெளியேத்துவாங்க.

அந்த ஆவி கண்ணுக்குத் தெரியும். அதனால வெயிட் போடற நொடிதான் எங்க பூஜ்யம். டைமர் ஆப் வேண்டாம்னுட்டாங்க, கையில மாவும் புளியும் இருக்கும்போது போனைத் தொட முடியாது. சமையலறைச் சுவர்ல கடிகாரம் இருக்கு. பெரிய முள் ஒரு எண்ல இருந்து அடுத்த எண்ணுக்குப் போக அஞ்சு நிமிஷம். வெயிட் போட்டதுல இருந்து ஒரு எண் பெரிய தீ, அப்புறம் ரெண்டு எண் சிம், அடுப்பை அணைச்சிட்டுத் தானா ஆவி அடங்க விடறது. அடங்கற அந்தப் பத்து நிமிஷமும் பருப்பு வெந்துக்கிட்டேதான் இருக்கும், அதையும் கணக்குல சேத்துக்கணும். முதல் நாள் பருப்பை விரல்ல நசுக்கிப் பாத்துட்டு, "இன்னும் கொஞ்சம் குழையணும்"னாங்க. ரெண்டாவது நாள் பருப்பை அரை மணி நேரம் ஊற வெச்சோம், நேரத்தை மாத்தல. சரியா வந்துச்சு.

உங்க வீட்டுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, நீங்களே ரெண்டு நாள் அளந்துக்கங்க. அப்படியும் வேகலைன்னா குக்கரைத் திட்டாதீங்க. பழைய பருப்பு எவ்வளவு நேரம் வெச்சாலும் வீம்பு பண்ணும். சுண்ணாம்புச் சத்து அதிகமான போர் தண்ணியும் அப்படித்தான். புளியும் பருப்பு மலர்றதைத் தடுக்கும், அதனாலதான் சாம்பார்ல பருப்பு வெந்தப்புறம் புளித்தண்ணி ஊத்தறோம். ஊரோட உயரமும் சேரும்: கிட்டத்தட்ட 920 மீட்டர் உயரத்துல இருக்கற பெங்களூர்ல தண்ணி 97 டிகிரிலயே கொதிச்சுரும், ஊட்டில 93-க்கும் கீழ. திறந்த பாத்திரத்துல அது பெரிய வித்தியாசம், குக்கர்ல அவ்வளவா தெரியாது.

காது சரியாக் கேக்காதவங்க வீட்டுல ஒரு விஷயம் கட்டாயம். தண்ணி வத்தி குக்கர் காய்ஞ்சா சேஃப்டி வால்வுல இருக்கற உலோகம் உருகி ஆவியை விட்டுரும். அதுக்குப் பதிலா கண்ட வால்வையும் மாட்டாதீங்க, அந்தக் கம்பெனியோடதையே வாங்குங்க. மூடறதுக்கு முன்னாடி மூடியை வெளிச்சத்துல தூக்கி ஓட்டை வழியா பாருங்க, ஒரு பருப்புத் தோல் போதும் அடைக்க. பருப்பு நுரைக்கும், அதனால தண்ணியோட சேத்துப் பாதிக்கு மேல நிரப்பக் கூடாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டா நுரை கொஞ்சம் அடங்கும்.

அம்மா இப்ப ஆறரைக்குத்தான் எழறாங்க. சாதத்துக்கும் அவங்களே எண் கண்டுபிடிச்சுட்டாங்க, என்னைக் கேக்கல. கொண்டைக்கடலை மட்டும் பாக்கி இருக்கு. ராத்திரி ஊற வெச்சு, அடுத்த மாசம் ஊருக்குப் போறப்போ அளக்கணும். அந்த எண் கிடைச்சதும் சொல்றேன். உங்க வீட்டு மூணு விசில் எத்தனை நிமிஷம்னு அளந்துட்டு எனக்கு எழுதுங்க.