தூளி கட்டும் அறை

வீட்டுக் கடனுக்கும் வீட்டுச் சீரமைப்புக் கடனுக்கும் பார்வையிடச் செல்லும்போது, சத்தியவேட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் ஓர் அறை நம் கண்ணில் அடிக்கடி படுகிறது. வாசலை ஒட்டிய அறை. தரையிலிருந்து கூரை வரை சுவரெங்கும் பலகை. அதன்மேல் கரும்பழுப்புப் பாலிஷ். வீட்டுத் தலைவர் கணக்குப் பார்க்கவும் வந்தவர்களை உட்காரவைத்துப் பேசவும் அமைந்த அறை அது. அந்நாளில் அது மதிப்பின் அடையாளம். இன்று பகலிலும் விளக்குப் போட்டால்தான் உள்ளே நாற்காலி தெரிகிறது.

அந்த அறைக்கு இப்போது வேறொரு பயன் வந்திருக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வருகிறாள். மாடியேற முடியாது, குளியலறை அருகில் இருக்க வேண்டும், ஆகவே கீழ்த்தளத்து அறைதான் அவளுக்கு. 1960-இல் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சித்தூர் மாவட்டத்துக்கும், 2022-இல் அங்கிருந்து திருப்பதி மாவட்டத்துக்கும் இந்த ஊர் கைமாறியது. தாய்வீட்டுப் பேறு என்னும் வழக்கம் மட்டும் எந்த எல்லைக்கும் கட்டுப்படவில்லை. தமிழ் பேசும் வீடாயினும் தெலுங்கு பேசும் வீடாயினும் வளைகாப்போ சீமந்தமோ முடிந்ததும் பெண் பிறந்த வீட்டுக்கே வருகிறாள்.

மேல்நாட்டுப் பத்திரிகைகளில் காணும் குழந்தை அறை குழந்தைக்கு மட்டுமானது. நம் வீட்டு அறையில் தாயும் சேயும் சேர்ந்தே இருப்பர்; இரவில் பாட்டியும் பாய் விரித்துக்கொள்வார். எனவே அழகுக்கு முன்னால் வெளிச்சத்தைக் கேட்கும் அறை அது. அதற்கு ஒரு மருத்துவக் காரணமும் உண்டு. பிறந்த முதல் வாரத்தில் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஓரளவு மஞ்சள்காமாலை காண்கிறது. பெரும்பாலும் அது தானே தணியும். சிலருக்கு மிகுந்து மூளையைத் தாக்கும். தோலின் நிறமாற்றத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் சரியாகக் காண முடியும். இருண்ட அறையில் அது தெரியாது. மஞ்சள் சுவரின் எதிரொளியும் கண்ணை ஏமாற்றும். ஆகவே குழந்தை அறைக்கு மஞ்சள் வேண்டாம் என்பது நம் கருத்து. வெள்ளையோ, சற்றே மங்கிய வெள்ளையோ போதும். கரும்பழுப்புப் பலகை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வெள்ளைச் சுவர் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். சன்னலைப் பெரிதாக்காமலே அறை பெரிதாகிவிடும்.

பலகையைப் பெயர்த்தெறிவதா, அதன்மேலேயே வண்ணம் பூசுவதா என்று பலர் கேட்கின்றனர். முதலில் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று ஒலித்தாலோ, அடிவிளிம்பில் மண்தடம் தெரிந்தாலோ உள்ளே கறையான் இருக்கலாம். சுவரில் ஈரமும் இருக்கலாம். அப்படியானால் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். உறுதியாக இருந்தால் பூசுவதே சிக்கனம். ஒரு விலக்கு உண்டு. அது அசல் தேக்குப் பலகையாக இருந்தால், அதன்மேல் பெயிண்ட் அடிக்க நமக்கு மனம் வராது. மெல்லிய மரத்தோல் ஒட்டிய பிளைவுட் என்றால் தயங்க வேண்டியதில்லை. தேக்கு வைத்திருப்போர் மேற்கூரையையும் பலகையில்லாத சுவர்களையும் வெண்மையாக்கி, கனத்த திரைச்சீலையை மாற்றினாலே பாதி இருள் விலகும்.

பூசும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கருநிற மரத்தில் துவர்ப்புச் சத்து உண்டு. தேயிலையில் இருப்பதைப் போன்றதுதான். நீரில் கலந்த வெள்ளைப் பெயிண்டை நேராகப் பூசினால், அந்த நீரே துவர்ப்பைக் கரைத்து மேலே இழுத்து வந்துவிடும். நான்கே நாளில் வெள்ளைச் சுவரில் தேநீர் சிந்தியதைப் போன்ற கறைகள் எழும். எத்தனை பூச்சுப் பூசினாலும் அவை மீண்டும் தலைகாட்டும். இதற்குத் தடுப்பு நம் நாட்டு அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை முதலில் ஒரு பூச்சுக் கொடுத்தால் கறை உள்ளேயே அடங்கிவிடும். மரத்துக்கு மெருகேற்ற நம் தச்சர்கள் பயன்படுத்திய பிரெஞ்சு பாலிஷும் இதே அரக்குத்தான். எனவே வரிசை இது: சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குதல், நனைத்த உப்புத்தாளால் பளபளப்பை மட்டும் மங்கச் செய்தல், அரக்கு, பிரைமர், அதன்பின் எமல்ஷன் இரண்டு பூச்சு.

நம் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் இந்த அரக்குப் பூச்சைத் தேவையற்ற செலவென்று பெயிண்டர் விட்டுவிட்டார். முதல் வாரத்திலேயே பலகை இணைப்புகளின் வழியே பழுப்புக் கோடுகள் இறங்கின. பிறகு அரக்கிட்டு மறுபடி பூசவேண்டியதாயிற்று. மரவேலைக்கு அந்நாளில் கொடுத்த தொகையை நினைவில் வைத்திருக்கும் அவருடைய துணைவியார், “பலகையே பழிவாங்குகிறது, பாருங்கள்” என்றாராம்.

ஆனால் அந்த வீட்டைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் பலகையன்று. அதனருகில் இருந்த சன்னல்கள். பலகைக்குப் பாலிஷ் போட்ட காலத்திலேயே சன்னல் சட்டங்களுக்கும் கம்பிகளுக்கும் பச்சை எனாமல் அடித்திருந்தார்கள். அதன்மேல் இன்னும் இரண்டு பூச்சு ஏறியிருந்தது. விளிம்புகள் செதில் செதிலாக உரிந்திருந்தன. அவற்றை மின்பொறியால் உலர்வாகத் தேய்த்து மரம் தெரியும்வரை சுரண்டுவதாகப் பெயிண்டர் சொல்லியிருந்தார். மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு இந்த அறைக்கு வர இருந்தாள்.

வணிகவியல் படித்த நமக்கு வேதியியல் அவ்வளவாகத் தெரியாது. ஆயினும் பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். பளிச்சென்ற நிறத்துக்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைப் பெயிண்டில் கலந்து வந்தனர். மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் இது மிகுதி. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளுக்குச் சட்டப்படியான வரம்பு 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்பது விதி. அதற்கு முன் அடித்த பூச்சுகளுக்கு இந்தக் காவல் இல்லை. அவை இன்னும் நம் கதவிலும் சன்னலிலும் இருக்கின்றன.

இந்த ஆபத்தை உலகம் அறிந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரக் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், தம்மிடம் வந்த குழந்தைகளின் ஈய நஞ்சுக்கு வீட்டுச் சுவரிலும் தாழ்வாரக் கம்பிகளிலும் இருந்த பெயிண்டே காரணம் என்று 1904-இல் எழுதினார். உட்புறப் பூச்சுகளில் ஈய வெள்ளையைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் ஏற்றது. அமெரிக்கா வீட்டுப் பெயிண்டுக்கு 1978-இல் தடை விதித்தது. நம் விதிகள் 2016-இல் வந்தன. இடைவெளியை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஈயம் குழந்தையை என்ன செய்யும்? வளரும் மூளையைத் தாக்கும். கவனத்தையும் கற்கும் திறனையும் குறைக்கும். பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுவரை உள்ள 756 குழந்தைகளிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறதென்று கண்டறிந்து தடுக்க வேண்டும் என்பது இன்றைய உலக வழிகாட்டுதல். பெயிண்ட் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. முன்னாளில் விற்ற ஈயம் கலந்த பெட்ரோல், பழைய பேட்டரித் தொழில் எனப் பல வாயில்கள் உண்டு. எனினும் நம் கையால் அடைக்கக்கூடிய வாயில் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

கருவுற்ற பெண்ணுக்கு இதில் தனிக் கவலை உண்டு. உடலில் சேரும் ஈயம் எலும்பில் தங்கும். கருக்காலத்தில் எலும்பிலிருந்து இரத்தத்துக்கு வந்து கருவையும் அடையும். அந்த நாள்களில் பெயிண்ட் தூசியை மூச்சில் இழுப்பது இரட்டைத் தீங்கு.

நினைவிற்கொள்ள வேண்டியது இதுவே: பழைய பூச்சு உறுதியாக ஒட்டியிருக்கும் வரை பெருங்கெடுதல் இல்லை, தூசியாகும்போதுதான் நஞ்சாகிறது. ஆகவே உறுதியான பூச்சைச் சுரண்டக் கூடாது. மேலே புதுப்பூச்சு ஏற்றி மூடிவிட வேண்டும். உரிந்த இடத்தில் நீர் தெளித்து, நனைந்த உப்புத்தாளால் கையாலேயே தேய்க்க வேண்டும். பொறியால் உலர்வாகத் தேய்ப்பதும், நெருப்பு காட்டிப் பழைய பெயிண்டை உரிப்பதும் கூடவே கூடாது. சன்னல் கதவு சட்டத்தோடு உராயும் விளிம்புகள்தாம் நாள்தோறும் தூசியாக்கும் இடங்கள். ஆகவே அங்கேதான் கவனம் அதிகம் வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, பெயிண்டருக்கு நல்ல முகக்கவசம், முடிந்தபின் துடைப்பத்துக்குப் பதிலாக ஈரத்துணி. பெயிண்டரின் வேலைத்துணியையும் தனியே துவைக்கச் சொல்ல வேண்டும்; அவர் வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள் அல்லவா?

ஆசிரியர் வீட்டில் அப்படியே செய்தனர். உரிந்த விளிம்புகளை ஈரமாகத் தேய்த்து, மற்றவற்றை விட்டுவைத்து, மேலே வெளிர்நிற எனாமல் பூசினர். பச்சை உள்ளேயே இருக்கிறது, வெளியே வரவில்லை. பெயிண்டருக்கு இதில் முழு உடன்பாடில்லை. “அடி மரம் தெரியாமல் அடித்தால் பிடிப்பு இருக்காது சார்” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தொழில் நோக்கில் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த அறையில் பெயிண்டின் ஆயுளைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருந்தது.

புதுப் பெயிண்ட் வாங்கும்போது டப்பாவில் ஈய அளவு 90-க்கு மிகாது என்னும் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மணம் குறைந்த எமல்ஷன் வகைகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. தொழிற்சாலைப் பயனுக்கான பெயிண்ட் மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்; மேற்சொன்ன விதி வீட்டுப் பெயிண்டுகளுக்கானது.

எப்போது செய்வது? பெண் கருவுற்றிருக்கையில் வீட்டில் கட்டட வேலை கூடாது என்பார்கள் நம் பெரியோர். குழந்தை பிறக்குமுன் தொட்டில் வாங்கவும் சம்மதிக்கமாட்டார்கள். காரணம் எதுவாயினும், தூசியும் பெயிண்ட் நெடியும் அவளை அண்டாமல் போனது அந்தக் கட்டுப்பாட்டின் பயன். இன்றும் அதை மீற வேண்டியதில்லை. அவள் வருவதற்கு நான்கைந்து வாரம் முன்பே முடித்துவிட்டு, சன்னல்களைத் திறந்துவைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்பகுதியில் எந்தப் பூச்சும் ஒழுங்காக உலராது. தை முதல் பங்குனி வரை உகந்த காலம்.

செலவையும் பார்ப்போம். 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவுக்கும் இரு சன்னலுக்கும் ஏறத்தாழ 50 சதுர அடி கழித்தால் 390. இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் ஏறத்தாழ 100 சதுர அடிக்கு வரும். ஆக நான்கு லிட்டர். அரக்கு, பிரைமர், கூலி தனி. இதற்குக் கடன் வேண்டாம் என்றுதான் ஆசிரியரிடமும் சொன்னோம். வங்கி அலுவலர் இப்படிச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மகளுக்குத் திருமணமானதுமே மாதம் சிறுதொகையாக ஒரு தொடர் வைப்புக் கணக்கில் போட்டுவந்தால் இச்செலவு அதற்குள் அடங்கும். பலகையைப் பெயர்த்து, ஈரச்சுவரைச் செப்பனிட்டு, மின்கம்பிகளையும் மாற்றும் அளவுக்கு வேலை இருந்தால் சீரமைப்புக் கடன் பொருத்தமானது. சொந்தக் குடியிருப்பின் பழுதுபார்ப்புக் கடன் வட்டிக்கு, பழைய வரித்திட்டத்தில் இருப்போருக்கு ஆண்டொன்றுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. வீட்டுக் கடன் வட்டிக்கும் கழிவு பெறுவோருக்கு இத்தொகை அதன் மொத்த வரம்புக்குள் அடங்கும். வட்டிச் சான்றைக் கிளையில் கேட்டுப் பெறலாம்.

பலகைக் கூரையுள்ள அறைகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தூளிக்கான கொக்கியைப் பலகையில் மாட்டக் கூடாது. பலகையைத் துளைத்து, மேலே கான்கிரீட்டிலோ உத்தரத்திலோ ஊன்ற வேண்டும். மாட்டிய பின் பெரியவர் ஒருவர் இரு கைகளாலும் பிடித்துத் தொங்கிப் பார்க்கட்டும். ஆசிரியரும் அவ்வாறே தொங்கிப் பார்த்தார். இந்தத் துளையைப் பூச்சுக்கு முன்பே போட்டுவிட்டால், வெள்ளைக் கூரையில் மரத்தூள் படியாது.